மே மாதத்து ஜூனியர்கள்

மே பிறந்தால் சிவில் கோர்ட்டுகளுக்கு ஒரு மாதம் பூட்டு. விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும் செஞ்சியானாலும் அந்த மாதம் முழுக்க முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் வாய்தா கிடையாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் ரிமாண்டும் ஜாமீனுமாக நடக்கும். அவசரமாகத் தடையுத்தரவு வேண்டுமென்றால் விடுமுறைக்கால நீதிபதியிடம் போகலாம். சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதும் அதே சமயத்தில்தான். கல்லூரி கொடுத்த கடிதத்தோடு, "மேடம், ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் பண்ணணும்" என்று திண்டிவனத்தில் என் ஆபீஸ் படியேறுகிறவர்களில் பெரும்பாலோர் ஏப்ரல் கடைசியில் வருகிறவர்கள்.

கோர்ட்டே இல்லாத மாதத்தில் இவர்கள் என்னத்தைக் கற்றுக்கொள்வார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிற சீனியர்கள் எங்கள் பாரில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் பக்கம் வக்கீல் தொழில் ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறியதே மே மாதத்தில்தான். கோர்ட் நடக்கிற மற்ற மாதங்களில் சீனியருக்குப் பேச நேரமிருக்காது. காலையில் கால் ஒர்க், பிறகு சாட்சி விசாரணை, சாயங்காலம் மறுநாள் கட்டுகள். ஜூனியர் பின்னாலேயே ஓடிக் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். மே மாதத்தில் மட்டும்தான் சீனியர் உட்கார்ந்திருப்பார்.

அப்போது ஆபீசில் வேலை இல்லாமலும் இல்லை. சொல்லப்போனால் புதுப் பிராதுகள் உருவாகும் மாதமே அதுதான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி விற்று முடித்திருப்பார்கள், ஆடிப் பட்டத்துக்கு இன்னும் நாளிருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த பங்காளிகள் பாகம் பேசி, பேச்சு முறிந்து, ஆளுக்கொரு வக்கீலைத் தேடுவார்கள். இன்னொரு காரணம் காலவரையறைச் சட்டத்தில் இருக்கிறது. புரோநோட்டுக் கடனை வசூலிக்க மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு முடியும் நாளில் கோர்ட் மூடியிருந்தால், திறக்கும் நாளன்று போட்டால் போதும் என்கிறது 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. ஆகவே மே மாதத்தில் காலாவதியாகும் புரோநோட்டெல்லாம் ஜூன் மாதம் கோர்ட் திறக்கும் அன்றைக்கே தாக்கலாகியாக வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் பணம் போய்விடும். நோட்டின் பின்பக்கத்தில் வரவு வைத்துக் கடன்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடத்தைப் புதிதாக எண்ணலாமா என்று ஒவ்வொரு நோட்டையும் திருப்பிப் பார்க்கும் வேலை ஜூனியர் தலையில் விழும். காலவரையறைச் சட்டத்தை நான் படித்தது கல்லூரியில். அது என்ன செய்யும் என்று பார்த்தது அந்த நோட்டுகளின் பின்பக்கத்தில்.

இந்தப் பகுதியில் வக்கீல் தொழிலுக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது. தென்னாற்காடு 1801-இல் நவாபிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது. மறு வருடமே ஜில்லா கோர்ட்டுகளும், அங்கே வாதாட வக்கீல்களும் வேண்டும் என்று சென்னை அரசு ஒழுங்குமுறைச் சட்டங்கள் போட்டது. 1816-இல் ஜில்லா முன்சீப்புகள் வந்தார்கள். வக்கீல்களைத் தயார் செய்யப் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்ததென்றால் அது 1812-இல் எல்லிஸ் துரை முன்னின்று நடத்திய சென்னை ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. துரைமார்களுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்க ஏற்பட்ட அந்த இடத்திலேயே உள்ளூர் மாணவர்களுக்குச் சட்டமும் சொல்லிக்கொடுத்தார்கள். மதுரை கந்தசாமிப் புலவர் தமிழில் ஆக்கிய 'விவகார சாரசங்கிரகம்' 1826-இல் அச்சேறியது. தமிழில் சட்டம் படிக்க நூலில்லை என்று இன்றைக்கும் அலுத்துக்கொள்கிற நாம் இந்த வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கோட்டையில் படித்தவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு கோர்ட்தான் பள்ளிக்கூடம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நாம் 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்காக நினைக்கிறோம். திருச்சி கோர்ட்டில் பதிவேடுகளைக் காக்கிறவராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் தொடங்கி முன்சீப் ஆனவர் அவர். 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட் (கம்பெனி காலத்து மேல்முறையீட்டு கோர்ட்) தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்த மனிதர், தனக்குக் கிடைத்ததை மற்றவர்களுக்கும் கொடுக்க நினைத்திருக்கிறார். அந்த மனசுக்காகவே அவரை என் இன்டர்ன்களுக்குச் சொல்வேன்.

1879-இல் வந்த சட்டத் தொழிலர் சட்டம் பிளீடர்களுக்குத் தேர்வு வைத்தது, தரம் பிரித்தது. இரண்டாம் தரப் பிளீடருக்கு முன்சீப் கோர்ட்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டும்தான் எல்லை. வ.உ.சி.யே அப்படி வந்தவர்தான். தந்தையும் வக்கீல். திருச்சிக்குப் போய்ச் சட்டம் படித்து, 1894-இல் பிளீடர் தேர்வில் தேறி, 1895-இல் ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். தாலுகா ஊர்களில் இருந்த பிளீடர்கள் பலருக்கும் பாதை இதுதான். சென்னைச் சட்டக் கல்லூரி 1891-இலேயே தொடங்கிவிட்டாலும், தென்னாற்காட்டுத் தாலுகா கோர்ட்டுகளுக்கு பி.எல். பட்டதாரிகள் நிறைந்தது வெகு காலத்துக்குப் பிறகு.

அப்போது பி.எல். முடித்தவரும் உடனே கறுப்புக் கோட்டுப் போட்டுவிட முடியாது. ஒரு வருடம் ஒரு சீனியரிடம் அப்ரண்டிசாக இருந்து, பார் கவுன்சில் வைக்கும் தேர்வையும் எழுத வேண்டியிருந்தது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டமும் முதலில் பயிற்சியையும் தேர்வையும் கேட்டது. 1973-இல் திருத்தம் கொண்டுவந்து இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பட்டம் வாங்கினால் போதும், பதிவு செய்துகொள்ளலாம் என்றானது. இருபது வருடம் கழித்து, 1995-இல், இந்திய பார் கவுன்சில் மறுபடியும் ஒரு வருடப் பயிற்சியை விதியாகக் கொண்டுவந்தது. பாராளுமன்றம் எடுத்துப்போட்டதை விதி மூலமாகத் திரும்பக் கொண்டுவர பார் கவுன்சிலுக்கு அதிகாரமில்லை என்று 1999-இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு சரியான சட்டமல்ல என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அந்த ஒரு வருடப் பயிற்சிக்கு யார் சோறு போடுவது என்ற கேள்வி 1999-இலும் பதிலில்லாமல்தான் நின்றது.

1990-களின் தொடக்கத்தில் நான் பதிவு செய்துகொண்டபோது விதி என்று எதுவும் இல்லை. ஆனாலும் சீனியர் இல்லாமல் யாரும் தனியாகப் பலகை மாட்டவில்லை. அப்போது விழுப்புரம் தனி மாவட்டமில்லை. ஜில்லா கோர்ட் கடலூரில், மஞ்சக்குப்பத்தில். ஜில்லா கோர்ட்டில் வேலை என்றால் கட்டைத் தூக்கிக்கொண்டு பாண்டிச்சேரி வழியாகக் கடலூருக்கு பஸ் ஏற வேண்டும். வழியிலேயே இன்னொரு சட்ட உலகத்தைக் கடந்து போவோம். பிரெஞ்சுக் காலத்தில் தங்கள் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் பாண்டிச்சேரியில் இன்றும் இருக்கின்றன. அந்தக் குடும்பத்து நிலம் எல்லை தாண்டி எங்கள் தாலுகாவில் இருந்தால், வாரிசு யார் என்று சொல்வதற்கே தனியாகப் படிக்க வேண்டும். 1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் தனி மாவட்டமானது. ஜில்லா கோர்ட் விழுப்புரத்துக்கு வந்தபின் கடலூர்ப் பயணங்கள் நின்றன. பெரிய வழக்குகளைப் பக்கத்திலேயே பார்க்கிற வாய்ப்பு எங்கள் ஜூனியர்களுக்குக் கிடைத்தது அதற்கப்புறம்தான்.

என் சீனியரின் ஆபீஸ் அவர் வீட்டு முன்ஹால். மூன்று சுவரிலும் சென்னைச் சட்ட ஏடுகளின் தொகுதிகள். அவரிடம் நான் கற்றது நிறைய. ஆனால் என்னைத் தொழிலுக்குள் கைபிடித்துக் கூட்டிப்போனவர் அவருடைய குமாஸ்தா. பள்ளிப் படிப்பையே முழுக்க முடிக்காதவர். பிராதை டைப் அடித்து வாங்கி, ஆவணப் பட்டியல், வக்காலத்து, டாக்கெட், பிராசஸ் மெமோ என்று அடுக்கி, ஊசி கோத்துத் தைப்பார். நான் தைத்ததை முதல் தடவை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பிரித்தார். "பாப்பா, ஜட்ஜு இடது பக்கம் புரட்டுவாரு. தையல் எழுத்த முழுங்கிடக் கூடாது" என்று மார்ஜினை விரலால் அளந்து காட்டி மறுபடி என்னிடமே கொடுத்தார்.

பிராது நம்பராகும் வரை அது வழக்கே இல்லை என்பார். கோர்ட் ஆபீசில் பரிசீலித்து, குறையிருந்தால் ரிட்டர்ன் போடுவார்கள். "ஹெட் கிளார்க் என்ன கேப்பாருன்னு மொதல்ல யோசி. ஜட்ஜு என்ன கேப்பாருன்னு அப்புறம் யோசிக்கலாம்." சட்டக் கல்லூரியில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. கோர்ட் கட்டணம் எந்தப் பிரிவில், வழக்கு மூலம் எந்தத் தேதியில் எழுந்தது, எதிரி எந்த ஊர் எல்லையில் குடியிருக்கிறார், சொத்து விவரத்தில் சர்வே நம்பர் உட்பிரிவோடு இருக்கிறதா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்கும்போது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஏழாவது ஆர்டர் முழுக்க அந்த முன்ஹாலில் நடந்துகொண்டிருக்கும். இன்று இன்டர்ன்ஷிப் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர் வக்கீல். சொல்லிக்கொடுத்தவர் குமாஸ்தாவாக இருந்தால் அவர் பெயர் எங்கும் வராது. தமிழ்நாட்டில் குமாஸ்தாக்களுக்கென்று சேமநல நிதி இருக்கிறது, நல்லது. அவர்கள் ஆசிரியர்கள் என்பதையும் எங்காவது எழுதி வைக்க வேண்டும்.

என் ஆபீசில் மே மாதத்தில் வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு தாய்ப் பத்திரம். சட்டப் புத்தகம் பிறகு. பழுப்பேறிய முத்திரைத்தாளில் கூட்டெழுத்தாக எழுதிய கிரயப் பத்திரம். படிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். 'பசலி 1342' என்று வரும். அதோடு 590 கூட்டினால் 1932. பசலி வருடம் ஜூலையில் பிறக்கும் என்பதால் அது 1932 ஜூலை முதல் 1933 ஜூன் வரை. 'புஞ்சை காணி ஒன்று' என்றால் எங்கள் பக்கத்தில் நூறு குழி, ஒரு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட். பிறகு செக்குபந்தி, அதாவது நிலத்தின் எல்லைகள்: இன்னாருடைய நிலத்துக்குக் கிழக்கு, ஓடைக்கு மேற்கு, வண்டிப் பாட்டைக்குத் தெற்கு. அந்த ஓடை இன்று இருக்கிறதா? வண்டிப் பாட்டை தார் ரோடாகி சர்வே நம்பரே மாறியிருக்கிறதா? கையில் 'அ' பதிவேட்டு நகலையும் புல வரைபடத்தையும் கொடுத்து, இந்தப் பத்திரத்திலுள்ள காணி இன்றைய எந்த உட்பிரிவு என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். சரியாகக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அதன் பிறகு நில வழக்கில் பயமிருக்காது.

அடுத்தது வம்சாவளி. பாக வழக்கில் முதல் தாளே அதுதான். கட்சிக்காரரை எதிரில் உட்கார வைத்து, தாத்தாவில் தொடங்கிப் பிள்ளைகள், பெண்கள், இறந்தவர்கள், இறந்த தேதிகள் என்று வரையச் சொல்வேன். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இந்த மரத்தை வரையும் விதமே மாறிக்கொண்டிருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் பெண்களையும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்காளிகளாக்கியது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்ணுக்கு அது இல்லை. ஆகவே ஒவ்வொரு குடும்பத்திலும் கேட்க வேண்டிய கேள்வி, "அக்கா, உங்களுக்குக் கல்யாணம் எப்ப?" பத்திரமாக மடித்து வைத்த கல்யாணப் பத்திரிகை பெட்டியிலிருந்து வெளியே வந்து சான்றாவணமாகும். ஒரே வீட்டில் தங்கைக்குப் பங்கு உண்டு, நாலு மாதம் முந்திக் கல்யாணமான அக்காவுக்கு இல்லை என்று சொல்ல வேண்டி வந்த நாட்கள் எனக்குத் தெரியும். 2005 செப்டம்பர் 9-இல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. தகப்பன் அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020-இல் வினீதா சர்மா வழக்கு தீர்த்தது. இதையெல்லாம் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிற மாணவிக்கு அந்தத் தேதி ஆயுளுக்கும் மறக்காது.

பாக வழக்கிலேயே கோர்ட் கட்டணம் இன்னொரு பாடம். 1955-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுக் கோர்ட் கட்டணச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு இரண்டு வழி சொல்கிறது. வாதி சொத்தின் அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தால் தன் பங்கின் சந்தை மதிப்புக்கு ஏற்பக் கட்டணம். கூட்டு அனுபவத்தில் இருந்தால் சிறிய நிலையான தொகை. மதிப்பின் மேல் நூற்றுக்கு ஏழரை என்றிருந்த கட்டணத்தை 2017-இல் மூன்றாகக் குறைத்தார்கள். குறைத்தும், நெடுஞ்சாலை ஓரத்து நிலத்துக்கு அது லட்சங்களில் வரும். கட்டிக் கொடுத்த பெண் மாமியார் ஊரில் இருப்பதாலேயே அனுபவம் போய்விடாது. சக பங்குதாரரின் அனுபவம் எல்லோர் சார்பிலுமானது என்ற கோட்பாட்டின் மேல்தான் 1980-இல் நீலாவதி வழக்குத் தீர்ப்பு நிற்கிறது. ஆனால் கட்சிக்காரர் கோபத்தில் வந்து, "என்னைய அந்தப் பக்கமே விடலம்மா" என்று சொன்னதை ஜூனியர் அப்படியே பிராதில் எழுதிவிட்டால், கட்டணம் தலைக்கு மேல் போகும். உண்மையையும் விடாமல், எது வெளியேற்றம், எது வெறும் சண்டை என்று கேட்டுப் பிரித்து எழுதப் பழகுவது ஒரே நாளில் வராது.

கிணறு இன்னும் சிக்கல். நாலில் ஒரு பாகம் கிணறு, வாரத்தில் இன்ன கிழமை முறைத் தண்ணீர், மின் இணைப்பு மட்டும் பெரியப்பா பெயரில். இப்படிப்பட்ட கிணறுகள் எங்கள் தாலுகாவில் ஊருக்கு ஊர் உண்டு. மாணவர்களை அந்த வயலுக்கே அனுப்புவேன். மோட்டார் கொட்டகையில் நின்று வரைபடம் போட்டு வந்தால்தான் அடுத்த வேலை.

இப்போது வருகிற பிள்ளைகள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய அப்ரண்டிஸ் முறையை நான் புகழ்கிறேன் என்றால், அது யாருக்குக் கதவு திறந்தது என்பதை மறைக்கக் கூடாது. சம்பளமில்லாமல் வருடக்கணக்கில் சீனியர் வீட்டில் உட்கார முடிந்தவர்கள் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள். பெண்கள் சட்டத் தொழில் செய்யலாம் என்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊரில் பெண் ஜூனியர்கள் வெகுநாள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். ஆபீஸ் நடப்பது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். மரக்காணம் பக்கத்துக் கிராமத்துக்குக் கடைசி பஸ் அதற்குள் போய்விடும். அந்த பஸ் நேரம் எத்தனை பெண்களைத் தொழிலை விட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறது என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

2017-இல் விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி வந்தது. திண்டிவனத்தில் சரஸ்வதி சட்டக் கல்லூரி இருக்கிறது. அதற்கு முன் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சென்னை, செங்கல்பட்டு, பாண்டிச்சேரி என்றுதான் போக்கிடம். இன்று என் ஆபீசுக்கு வருகிறவர்களில் வீட்டில் முதல் பட்டதாரி, ஊரில் முதல் வக்கீல் என்கிற பிள்ளைகள் நிறைய. செங்கல் சூளைக்குப் போன அம்மாவின் மகள், லாரி ஓட்டுகிறவரின் மகன். இவர்களுக்கு பிராதில் வருகிற கிணறும் புரோநோட்டும் கேள்விப்பட்ட கதையல்ல, சொந்த வீட்டு விஷயம். எந்த நகரத்துப் பிள்ளையையும் விட வேகமாகக் கட்டுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். என் தொழில் வாழ்க்கையில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி இதுதான்.

2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் இவர்களுக்கு இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கின. மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம். வக்கீல், நீதிபதி, தொண்டு நிறுவனம், கம்பெனி, உள்ளாட்சி என்று எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், விசாரணை கோர்ட் வக்கீலிடமும் மேல்முறையீட்டு வக்கீலிடமும் ஒரு தடவையாவது இருந்திருக்க வேண்டும். இதெல்லாம் சரி. ஆனால் ஒரு வருடத்தில் தொடர்ந்து நாலு வாரத்துக்கு மேல் கூடாது என்றும் சேர்த்துவிட்டார்கள். பல இடங்களைப் பார்க்கட்டும் என்ற நல்லெண்ணம் புரிகிறது. தாலுகா கோர்ட்டுக்கு இது பொருந்தவில்லை. மே முழுக்கப் பத்திரம் படித்து, வம்சாவளி வரைந்து, பிராது எழுதக் கூடவே இருந்த பிள்ளை, ஜூனில் அது தாக்கலாகும்போது கல்லூரியில் இருக்கும். நம்பரானதா, எதிரிக்குச் சம்மன் சார்வாயிற்றா, பதிலுரையில் என்ன சொன்னார்கள் என்று எதுவும் தெரியாது.

சென்னையில் பெரிய சட்ட நிறுவனங்களில் நாலு வாரம் இருந்துவிட்டு வரும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். தீர்ப்புத் தேடுவதில் கெட்டிக்காரர்கள். ஒப்பந்தத்தைப் பத்தி பத்தியாகப் பிரிப்பார்கள். அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். அங்கே இடம் கிடைப்பது எல்லோருக்கும் அல்ல. தங்க வீடு, பஸ் செலவு, சாப்பாடு எல்லாம் கைக்காசு. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஒரு மாதம் வீட்டுக்குக் கூலி வேலைக்குப் போயிருக்க வேண்டிய மாதம்.

பணத்தைப் பற்றிப் பேச நாங்கள் வெகுநாள் கூச்சப்பட்டோம். ஜூனியருக்கு பஸ் காசும் தீபாவளித் துணியும் கொடுத்தால் போதும் என்பது எங்கள் தொழிலின் வழக்கம். அது நியாயமாக இருந்ததில்லை. 2020-இல் தமிழ்நாடு அரசு இளம் வக்கீல்களுக்கு இரண்டு வருடம் மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டம் கொண்டுவந்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் சீனியர்கள் கொடுக்க வேண்டும் என்றது. அன்று எங்கள் பார் ரூமில் நடந்த வாக்குவாதம் சாதாரணமானதல்ல. புரோநோட்டு வழக்கும் பாக வழக்கும் நடத்துகிற நடுத்தர வக்கீலின் வருமானத்தில் 15,000 பெரிய தொகைதான், மறுக்கவில்லை. முழுத் தொகை முடியாதவர் முடிந்ததைத் தொடங்க வேண்டும், இரண்டு ஆபீஸ் சேர்ந்து ஒரு ஜூனியரை வைத்துக்கொள்ளலாம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். மாணவர்களுக்கு அந்த உத்தரவு பொருந்தாது. என் ஆபீசில் இன்டர்ன்களுக்கு பஸ் செலவும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்துவிடுவது வழக்கம்.

மே மாதத்தில் சிவில் கோர்ட் மூடியிருந்தாலும் நெடுஞ்சாலை மூடுவதில்லை. சென்னை - திருச்சி சாலை எங்கள் மாவட்டத்தின் குறுக்கே போகிறது. விபத்து இழப்பீட்டு மனுக்கள்தான் எம்.சி.ஓ.பி. என்ற பெயரில் எங்கள் ஆபீஸ்களின் பெரிய பங்கு. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, வயதுக்கு ஆவணம், வருமானத்துக்கு ஆவணம் என்று மாணவர் சேகரிக்கக் கற்கிறார். 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த அட்டவணைப்படி, இறந்தவருக்கு 34 வயதென்றால் ஒரு வருடத்து இழப்பை 16-ஆல் பெருக்க வேண்டும். கணக்கு எளிது. கட்டட வேலைக்குப் போன மனிதரின் தினக்கூலியை எதைக் கொண்டு நிரூபிப்பது என்பதுதான் கடினம். மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்தைத் தேடிப்போய் வாங்கிவந்த ஒரு மாணவரால் அந்தக் குடும்பத்துக்கு ஆவணம் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2008 விதிகளிலேயே இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. விடுமுறையில் மாணவர்களை ஏற்கத் தயாராக இருக்கும் அனுபவமுள்ள வக்கீல்களின் பட்டியலை மாவட்டவாரியாகத் தயாரிக்க வேண்டும் என்பது அது. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி சங்கங்கள் ஒவ்வொரு மார்ச் மாதமும் அந்தப் பட்டியலைப் புதுப்பித்து இரண்டு சட்டக் கல்லூரிகளின் பலகையிலும் ஒட்டினால், தெரிந்த வக்கீல் யாரும் இல்லாத பிள்ளைக்கு ஒரு வாசல் கிடைக்கும். பட்டியலில் ஆபீஸ் நேரத்தையும் எழுத வேண்டும், பகலில் நடக்கும் ஆபீஸ் எது என்று பெண் பிள்ளைகள் பார்த்துப் போக. மேயில் பார்த்த அதே வழக்கை அடுத்த விடுமுறையிலும் அதே சீனியரிடம் வந்து தொடர மாணவருக்குக் கல்லூரி அனுமதி தரலாம். ஒவ்வொரு தடவையும் நாலு வாரம்தான் என்பதால் விதி மீறலும் இல்லை. என் ஆபீசில் ஐந்தாண்டுப் படிப்பு மாணவி ஒருத்தி இப்படித்தான் வருகிறாள். அவள் வம்சாவளி வரைந்த பாக வழக்கு நம்பராகி, பதிலுரை வந்து, எழுவினாக்கள் வனையப்பட்டிருக்கின்றன. அடுத்த லீவுக்கு வாதியின் முதல் விசாரணைப் பிரமாண வாக்குமூலத்தின் வரைவை அவளே எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.